கிளி மிஸ்ஸின் கழுத்துக்கட்டை

ஒரு காட்டில், மழை விட்டதும் காளான் முளைப்பதுபோல ஆங்கிலப் பள்ளிகள் முளைத்தன. அவற்றுள் பெரிய பெயர் கிளி மிஸ்ஸின் பள்ளிக்குத்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தாய்மொழியில் கத்துகிற குட்டியின் கழுத்தில் ஒரு மரக்கட்டை தொங்கும். வேறொரு குட்டி கத்தி மாட்டிக்கொள்ளும்வரை அது இறங்காது.

கட்டை பெரும்பாலும் புள்ளி என்ற மான்குட்டியின் கழுத்தில்தான் தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா மான், "வீட்டிலும் மான் பேச்சு வேண்டாம் கண்ணு. டென்ஸ் தெரியாத பிள்ளையை நாளைக்கு யார் மதிப்பார்கள்?" என்று சொல்லும்.

ஒரு மதியம் அம்மா மான் இளந்தளிர் எடுத்துக்கொண்டு பள்ளி வேலியோரம் போய் நின்றது. மற்ற அம்மாக்களும் நின்றிருந்தார்கள். கிளி மிஸ் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தது. புள்ளி கட்டையோடு மெல்ல எழுந்தது.

"மிஸ், லெப்பர்டு கம்."

கிளி மிஸ் கண்ணை மூடிக்கொண்டது. "காது கூசுகிறது. கேமா, இஸ் கமிங்கா, ஹேஸ் கம்மா? சரியாகச் சொல்."

புதருக்குள் ஒரு சிறுத்தை வயிறு தரையில் பட நகர்ந்தது.

"இஸ் கமிங், மிஸ்."

"எப்போதிலிருந்து? இப்போதுதான் புறப்பட்டதா, வெகு நேரமாக வந்துகொண்டிருக்கிறதா? அதற்கு வேறு டென்ஸ், இதற்கு வேறு டென்ஸ்."

புள்ளி புதரைத் திரும்பிப் பார்த்தது. "தெரியலை மிஸ். அதையே கேட்டுவிட்டு வரட்டுமா?"

முயல்குட்டிகள் சிரித்தன. சிறுத்தை வாலைச் சுருட்டிக்கொண்டது. 'அவசரமில்லை. குழந்தை யோசித்தே சொல்லட்டும். அரைகுறைப் படிப்பு எனக்கும் பிடிக்காது' என்று நினைத்துக்கொண்டது.

அம்மா மானும் சிறுத்தையைப் பார்த்துவிட்டது. வாயைத் திறந்தது. இத்தனை பேர் முன்னால் தப்பாகச் சொல்லிவிட்டால்? ஹேஸ் கம்... ஹேட் கம்... என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தது.

சிறுத்தை பின்னங்கால்களை ஊன்றியது. அதன் கண் கட்டை தொங்கிய கழுத்தில் நின்றது.

அவ்வளவுதான். மான்கள் காலங்காலமாகக் கத்துகிற கத்தல் அம்மா மானின் தொண்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அதில் டென்ஸும் இல்லை, வாக்கியமும் இல்லை. மறுநொடி வகுப்பில் ஒரு குட்டியும் இல்லை. பாய்ந்த சிறுத்தையின் வாயில் கிளி மிஸ்ஸின் வால் இறகு மட்டும் மாட்டியது.

சிறுத்தை துப்பிவிட்டுப் போன பிறகு, உச்சிக் கிளையிலிருந்து கிளி மிஸ் கேட்டது: "தாய்மொழியில் கத்தியது யார்?"

"நான்தான் மிஸ்."

"பெற்றோரே இப்படி என்றால் பிள்ளைகள் எப்படி உருப்படும்? கட்டையை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்."

அம்மா மான் புள்ளியின் கழுத்திலிருந்து கட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டது.

போகிற வழியில் புள்ளி கேட்டது: "கனமா இருக்காம்மா?"

"நீ பக்கத்தில் நடக்கிறாய் கண்ணு. கனமே தெரியவில்லை" என்றது அம்மா மான், மான் பேச்சில்.

நீதி: பிழையில்லாமல் பேசுவது நல்லதுதான், அலற வேண்டிய நேரத்தில் முதலில் அலறிவிட வேண்டும்.