மசாலா கம்பெனியின் மூத்த மகன்

பழைய கதைகளில் குருவுக்குத் தாடி இருக்கும், சீடனுக்கு வயது குறைவாக இருக்கும். இங்கே குருவின் பெயர் நவோமி, வயது முப்பத்து நான்கு. சீடன் சபேசனுக்கு முப்பத்தெட்டு. தாடியும் அவனுக்குத்தான். மற்றதெல்லாம் முறைப்படியே நடந்தது.

நவோமி ஒரு பெரிய வணிகச் சட்ட நிறுவனத்தில் எட்டு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவர். சென்னையில் அரண்மனைக்காரத் தெருவில், ஒரு மாடியறையில் தனியாக அலுவலகம் வைத்திருந்தார். அந்தத் தெருவில் அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மீனியர்கள் இருந்தார்கள், நம் வாய் அவர்கள் பெயரைத் திரித்து ஓர் அரண்மனை கட்டிக் கொடுத்தது.

பெரிய நிறுவனங்களில் பயிற்சி வழக்கறிஞர் இடத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் மாலையில் அங்கே வருவார்கள். நேர்முகத்தில் கேட்கப்படும் கேள்விகளை நவோமி கேட்பார். அவர்கள் பதில் சொல்வார்கள். அவர் அதையே மறுபடியும் கேட்பார். குருகுலம் என்றால் அவ்வளவுதான். விறகு பொறுக்கும் வேலை கிடையாது. கீழே போய் ஜெராக்ஸ் எடுத்து வரும் வேலை உண்டு.

சபேசன் பன்னிரண்டு வருடம் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்தவன். அதை விட்டுவிட்டுச் சட்டம் படித்தான். அன்றிலிருந்து மனைவி கலைவாணியின் பள்ளிக்கூடச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

"ஜூன் வரைக்கும் பாருங்க. கிடைக்கலன்னா பழைய கம்பெனியிலயே கேட்டுப் பாருங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

முதல் நேர்முகம் முடிந்த அன்று, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தான்.

"மேடம், கிடைச்ச மாதிரிதான்!"

"அப்படியா? உட்காருங்க."

"மூணு பேர் இருந்தாங்க. நடுவுல ஒரு பெரியவர். என்னை விடவே இல்ல."

"என்ன கேட்டாங்க?"

"இன்டர்ன்ஷிப்ல என்ன செஞ்சீங்கன்னு. அது நம்ம ஏரியா ஆச்சே! நான் இன்டர்னா இருந்த வரதன் சார் ஆபீஸ்ல அந்த மசாலா கம்பெனியை மும்பைக்காரங்களுக்கு விக்கற வேலை ஓடிட்டிருக்குல்ல, அதை முழுசா எடுத்து விட்டேன். பேரம் எங்க ஆரம்பிச்சுது, இப்ப எங்க நிக்குது, மூத்த மகன் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கறார்..."

நவோமி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். தெருச் சத்தம் தொந்தரவு செய்கிறது போலும் என்று சபேசன் குரலை இன்னும் உயர்த்தினான்.

"பெரியவர் முன்னால சாஞ்சு உட்கார்ந்துட்டார் மேடம். 'அப்புறம்? அப்புறம்?'னு கேட்டுக்கிட்டே இருந்தார்."

"நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்க."

"பின்னே? கேட்டா சொல்ல வேண்டாமா?"

நவோமி அவன் முகத்தைப் பார்த்தார். அதில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. டீக்குச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. அவனுடைய ஆர்வத்துக்கு நன்றி சொல்லி, அவனுடைய எதிர்காலத்தை வாழ்த்தியிருந்தார்கள். எடுத்துக்கொள்ளும் ஆளின் எதிர்காலத்தை யாரும் வாழ்த்துவதில்லை என்பது அந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது.

அந்த இடம் நிஷாந்தினிக்குப் போயிருந்தது. இருபத்து மூன்று வயதுப் பெண். அவளும் நவோமியிடம் பயிற்சி எடுத்தவள்தான்.

சபேசன் வந்து நாற்காலியில் சரிந்தான்.

"வயசா மேடம்?"

"இல்ல."

"இங்கிலீஷா?"

"உங்க இங்கிலீஷுக்கு என்ன குறைச்சல்?"

"அப்போ அந்தப் பொண்ணுகிட்ட இருக்கறது என்ன? பேசினா அவ காதுக்கே கேக்காது. இன்டர்ன்ஷிப் கேள்விக்கு என்ன பதில் வச்சிருந்தா? உங்ககிட்ட சொல்லிப் பாத்திருப்பாளே."

"சொல்லிப் பாத்தாங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"சொல்லுங்க."

"டீ ஆறுது, சபேசன்."

சபேசன் விடவில்லை. கதவு சாத்தியிருந்தாலும் வாசலில் நின்று சிரிக்கப் பழகிய தொழில் அவனுடையது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றான். முழுசாக வேண்டாம், ஒரு வரி போதும் என்றான்.

"இதுல தப்பே இல்ல மேடம். பக்கத்துத் தெரு டாக்டர் என்ன மருந்து எழுதறார்னு சொன்னாத்தான் இந்தத் தெரு டாக்டர் எனக்குக் காது கொடுப்பார். நான் பன்னிரண்டு வருஷம் சாப்பிட்டது அதுலதான்."

"இருக்கலாம்."

"உங்களை நம்பித்தானே நான் வந்தேன்!"

"நிஷாந்தினியும் அப்படித்தான் வந்தாங்க."

சபேசன் எழுந்தான்.

"என் வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். ஜூன் வரப்போறது தெரியும். நான் எங்க சறுக்கினேன்னும் தெரியும். எல்லாம் தெரியும், ஆனா வாயைத் திறக்க மாட்டீங்க."

"சரியாச் சொன்னீங்க" என்றார் நவோமி. அதில் கிண்டல் இல்லை. அவருக்கும் அன்று டீ இறங்கவில்லை.

படியிறங்கும்போது எதிரே நிஷாந்தினி ஏறி வந்தாள். குருவுக்கு நன்றி சொல்ல வந்தவள், அவனைப் பார்த்ததும் தயங்கி நின்றாள்.

"சாரி சார். உங்களுக்குத்தான் கிடைக்கும்னு நெனச்சேன். நிஜமா."

"பரவாயில்லம்மா. நல்லா இரு."

"உங்க மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? நீங்க பேசறதைக் கேட்டுப் பயந்துபோய், மேடம்கிட்ட உங்களைப் பத்தித் துருவித் துருவிக் கேட்டேன். வேலையை ஏன் விட்டார், படிக்கறப்போ அரியர் வச்சிருந்தாரான்னு எல்லாம். போட்டிக்கு நிக்கற ஆளு ஆச்சே! தப்பா எடுத்துக்காதீங்க சார்."



ஒப்பந்தச் சட்டத் தாளில் அவன் இரண்டு முறை தோற்றிருந்தான். பல்கலைக்கழகம்தான் இழுத்தடிக்கிறது என்று கலைவாணியிடம் சொல்லி வைத்திருந்தான். ஒரு மாலையில் நவோமியின் எதிரே உட்கார்ந்து, கண் கலங்கி, அதைக் கொட்டியிருந்தான். வேறு யாருக்கும் அது தெரியாது.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்வாங்க? 'தெரியும்'னாங்க. அப்புறம் 'டீ ஆறுது'ன்னாங்க. எனக்கு வந்துதே கோபம்!" அவள் சிரித்தாள். "மேல வரலியா சார்?"

"நீ போம்மா."

அவள் போனதும் படியிலேயே உட்கார்ந்தான். ஜெராக்ஸ் கடைக்குப் போகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். வெகுநேரம் கழித்து போனை எடுத்து நேர்முகத்தில் தான் கொட்டியதைச் சொல்ல வரதன் சாரை அழைத்தான். அந்தப் பேச்சு எப்படிப் போனது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே எனக்கும் தெரியாது.

மே மாதக் கடைசியில் இன்னொரு நிறுவனம் கூப்பிட்டது. ஜூனுக்கு முன் அதுதான் கடைசி அழைப்பு. எதிரே ஒரே ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். அதற்குள் மசாலா கம்பெனி கைமாறிய செய்தி நாளிதழ்களில் வந்திருந்தது.

"வரதன் ஆபீஸ்ல இருந்திருக்கீங்க. அந்த விற்பனையில உங்க வேலை என்ன?"

"குத்தகைப் பத்திரங்களைப் படிச்சேன் மேடம். கைமாத்தறதுக்குக் கட்டட உரிமையாளர் சம்மதம் எதுக்கெல்லாம் வேணும்னு பிரிச்சுக் கொடுத்தேன்."

"சின்ன வேலைதான்."

"ஆமா மேடம். சின்ன வேலைதான்."

"மூத்த மகன் கடைசி வரைக்கும் முரண்டு பிடிச்சாராமே. பேப்பர்காரங்களுக்கே காரணம் பிடிபடல. அப்படி என்னதான் பிரச்சினை?"

சபேசனுக்கு அது தெரியும். கண்ணீரும் சிரிப்பும் கலந்த கதை. அவன் சொன்னால் கேட்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். அதை விட்டால் அவனிடம் இருந்தது குத்தகைப் பத்திரங்கள் மட்டும்தான்.

"தெரியும் மேடம்" என்றான்.

அவர் காத்திருந்தார். சபேசனின் நாக்கு இரண்டு முறை புறப்பட்டுத் திரும்பியது. கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு மேஜையைப் பார்த்தபடி இருந்தான்.

"சரி. நீங்க கிளம்பலாம்" என்றார் அந்த அம்மாள்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து நவோமியை அழைத்தான்.

"போச்சு மேடம். உடனே அனுப்பிட்டாங்க."

"அப்படி என்ன கேட்டாங்க?"

நிழற்குடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சபேசன் அவர்களைப் பார்த்தான். போனை வாயருகே கொண்டுபோனான்.

"நேர்ல வந்து சொல்றேன் மேடம்."



"நேர்லயும் சொல்ல வேண்டாம்" என்றார் நவோமி. "வரும்போது இனிப்பு வாங்கிட்டு வாங்க."