ராஜா பிடித்த கொடுவா

முன்னொரு காலத்தில், கடலுக்கு வணக்கம் சொன்னால் கடலும் திருப்பி வணக்கம் சொன்ன காலத்தில், சங்கணித்துறை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே தண்ணீர் வருஷம் பூராவும் வெதுவெதுப்பாக இருக்கும். கையை விட்டால் எடுக்க மனசு வராது. ஊர்க்காரர்கள் வலை போட்டார்கள், மீன் பிடித்தார்கள், சாப்பிட்டார்கள். வெளியூர்ப் பெரிய மனிதர்களுக்கு அது போதாது. தங்கள் கையாலேயே தூண்டில் போட்டு ஒரு மீனாவது பிடிக்க வேண்டும், அதைப் பற்றிப் பத்து வருஷம் பேச வேண்டும். அப்படி ஆசைப்பட்டு வருகிறவர்களை வள்ளத்தில் ஏற்றி, கரையோரக் கடலில் மீன் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போவதுதான் சந்தனமாரியின் தொழில். அவள் வழி சொல்வாள், புருஷன் முத்திருளன் துடுப்புப் போடுவான்.

வள்ளத்தில் கால் வைக்கிற எல்லாரிடமும் சந்தனமாரி மூன்று விஷயம் சொல்வாள்.

“கரை கண்ணுல இருக்கணும். தூண்டில் தண்ணியில இருக்கணும். வாய் மூடி இருக்கணும்.”

முதல் இரண்டையும் எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள். மூன்றாவதைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. பெரிய மனிதர்கள் எப்போது வாயை மூடியிருக்கிறார்கள், சொல்லுங்கள்!

கரை ஏன் கண்ணில் இருக்க வேண்டும்? கடலுக்கடியில் அங்கங்கே பாறைத் திட்டு உண்டு. அதற்குப் ‘பார்’ என்று பெயர். மீன் கூடும் இடம் அதுதான். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். அதனால் கரையில் இருப்பதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அதற்குக் கணியம் என்று பெயர். சங்கணித்துறைக் கரையில் இரண்டு ஒற்றைப் பனைகள், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. அவற்றுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு மலை, நடுவில் ஒரு பள்ளம். கடலில் இருந்து பார்க்கும்போது வடக்குப் பனை அந்தப் பள்ளத்தில் வந்து நின்றால் உங்களுக்கு அடியில் கொடுவா மீன் கூடும் கொடுவாப் பார். தெற்குப் பனை வந்து நின்றால் அடியில் விளமீன் பார். சந்தனமாரிக்கு இது தூக்கத்திலும் தெரியும்.

அந்த வள்ளத்தில் ஒரு வழக்கமும் இருந்தது. துடுப்பில் ஒரு வெட்டு வைத்திருந்தார்கள். அந்த அளவு இல்லாத மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். சினை வைத்த மீன் எவ்வளவு பெரிதானாலும் விட்டுவிட வேண்டும்.

ஒரு நாள் தூமகேசன் என்கிற மந்திரவாதி, பட்டு வியாபாரி போல வேஷம் கட்டிக்கொண்டு வந்தான். அவன் தூண்டிலில் வயிறு நிறையச் சினையோடு ஒரு கொடுவா மாட்டியது.

“விட்டுருங்க சாமி, சினை மீனு” என்றான் முத்திருளன்.

“பிடித்ததை விடுவதா? எனக்கென்ன பைத்தியமா?”

“இந்த வள்ளத்து வழக்கம் சாமி.”

“வழக்கமாவது, வாழைக்காயாவது!”

 முத்திருளன் கத்தியை எடுத்துத் தூண்டில் கயிற்றை அறுத்துவிட்டான். கொடுவா தப்பித்தது, முத்திருளன் மாட்டிக்கொண்டான். மந்திரவாதி வேஷத்தைக் கலைத்து எழுந்தான். முணுமுணுத்தான், கையை உதறினான், தூ என்று துப்பினான். துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த மனிதன் நின்ற இடத்தில் ஒரு கொடுவா துள்ளியது. முத்திருளன் இடது காதில் சிவப்புக் கல் கடுக்கன் போட்டிருந்தான். மீனின் இடது செவுளிலும் அதே இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. மீன் ஒரு துள்ளுத் துள்ளிக் கடலில் விழுந்தது.

“கேட்டுக்கொள், பெண்ணே” என்றான் தூமகேசன். “உன் கைத் தூண்டிலில் இவன் மாட்டவே மாட்டான். வேறொருவன் இவனைப் பிடிக்க வேண்டும். பிடித்தவன் தானாக மனம் ஒப்பி இவனை விட வேண்டும். நீ கேட்டு அவன் விட்டாலோ, நீ காரணம் சொல்லி அவன் விட்டாலோ, மீன் மீன்தான், சாகிற வரைக்கும்! கொழுத்த கொடுவாவைக் கையில் பிடித்துவிட்டு, யாரும் கேட்காமலே விடுகிறவன் உலகத்தில் இருக்கிறானா? இருந்தால் என் மந்திரமெல்லாம் அன்றைக்கே என்னை விட்டுப் போகட்டும்!”

சிரித்துக்கொண்டே கொக்காக மாறிப் பறந்து போய்விட்டான்.

அன்றிலிருந்து சந்தனமாரியின் பிழைப்பைக் கேளுங்கள். அடுத்தவர்களை மீன் பிடிக்கக் கூட்டிப் போவது தொழில். எந்த மீன் தன் புருஷன் என்று ஒருவரிடமும் சொல்ல முடியாது. தினமும் விடிந்ததும் தனியாகத் துடுப்புப் போட்டுக் கொடுவாப் பாருக்குப் போவாள். மூன்று இறாலைத் தண்ணீரில் போடுவாள். சிவப்புப் புள்ளி மீன் மேலே வந்து தின்னும். இவள் வீட்டுக் கதையெல்லாம் சொல்வாள், அது வாலை ஆட்டும். பிறகு கரைக்கு வந்து, விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு, அந்தப் பார் பக்கமே தலைவைக்காமல் விளமீன் பாருக்குக் கூட்டிப் போவாள்.

யாராவது பிடித்து விட்டால்தானே அவன் திரும்பி வருவான் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் கொடுவா யார் கையில் கிடைத்தாலும் குழம்புச் சட்டிக்குத்தான் போகும். நானாக இருந்தாலும் விடமாட்டேன், பொய் சொல்வானேன்? மீனாகவாவது உயிரோடு இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். அப்படியே ஒரு வருஷம் ஓடியது.

இப்போது ராஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய பெயர் பெரிய பெயர், ஊரில் எல்லாரும் இடிமுழக்க ராஜா என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு பேச்சு! சாப்பிடும்போதும் பேசுவார், மற்றவர்கள் பேசும்போதும் பேசுவார். ஒரு நாள் ராணி செங்கமலவல்லி பொறுக்க முடியாமல் சொன்னாள்: “ஊர் பிடித்தீர்கள், கோட்டை பிடித்தீர்கள். உங்களால் ஒரு மீன் பிடிக்க முடியுமா? பேசிப் பேசியே அதை விரட்டிவிடுவீர்கள்.”

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நாளைக்கு என் கையால் பிடித்த மீனோடுதான் இந்த வாசலை மிதிப்பேன். இல்லையென்றால் மிதிக்கவே மாட்டேன்!” என்று சபை நடுவே சத்தியம் பண்ணிவிட்டார்.

மறுநாள் காலை துறையில் ராஜா வந்து நின்றார். முந்தின நாள் சாயங்காலம் பெரிய காற்றடித்திருந்தது. இப்போது கரை முழுவதும் மூடுபனி. சந்தனமாரி அன்றைக்கு இறால் போடக்கூடப் போகவில்லை.

“மகராசா, பனி விலகட்டும். கரை கண்ணுல இருக்கணும்.”

“எனக்காக விலகும், கிளம்பு!”

ராஜாவிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கிளம்பினாள். வழியெல்லாம் ராஜா கேள்வி. தண்ணீர் ஏன் பச்சை? மீன் தூங்குமா? தூங்கினால் யார் எழுப்புவது? பதில் சொல்லிக்கொண்டே கரையைப் பார்த்தாள் சந்தனமாரி. பனிக்குள் ஒரே ஒரு பனை, மலைப் பள்ளத்தில் சரியாக நின்றது. வடக்குப் பனையைப் பனி மறைத்திருக்கிறது, இது தெற்குப் பனை என்று நினைத்தாள். நங்கூரக் கல்லை இறக்கினாள். ராஜாவின் தூண்டிலில் இறாலைக் குத்திக் கொடுத்தாள்.

“தூண்டில் தண்ணியில இருக்கணும். வாய் மூடி இருக்கணும், மகராசா.”

ராஜா ராணியை நினைத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினார். பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. சந்தனமாரி கரையைப் பார்த்தாள்.  தெற்கே பனை இல்லை. முந்தின நாள் காற்றில் விழுந்து மணலில் கிடந்தது. பள்ளத்தில் நின்றது வடக்குப் பனை. வள்ளம் கொடுவாப் பாருக்கு நேர் மேலே மிதந்துகொண்டிருந்தது.

“மகராசா, இடம் மாறுவோம்...”

ராஜா வாயில் விரலை வைத்து ‘உஸ்’ என்றார்.

முதலில் கயிறு மெல்ல ஆடியது. சந்தனமாரிக்கு மூச்சு நின்றது. ராஜா இழுத்தார். வந்தது சின்னக் கிழங்கான் மீன், துடுப்பு வெட்டுக்குப் பாதி கூட இல்லை. “அளவு பத்தாது, விட்டுருங்க” என்றாள். ராஜா விட்டார். அப்பாடா!

மறுபடி கயிறு ஆடியது. மறுபடி மூச்சு நின்றது. ராஜா இழுத்தார். வந்தது பேத்தை மீன். வெளியே வந்ததும் உப்பென்று ஊதிக்கொண்டு ராஜாவை முறைத்தது. “அது விஷம், விட்டுருங்க” என்றாள். ராஜா விட்டார். அப்பாடா!

மூன்றாவது தடவை கயிறு ஆடவில்லை, வள்ளமே ஆடியது. ராஜா எழுந்து நின்று இழுத்தார். கை எரிந்தது, மீசை நனைந்தது. கடைசியில் ஒரு பெரிய கொடுவா பளபளவென்று வள்ளத்துக்குள் வந்து விழுந்தது. இடது செவுளில் சிவப்புப் புள்ளி. தினமும் இறால் தந்த கை அன்றைக்குத் தராததால், பசியில் தூண்டில் இறாலைக் கவ்வியிருந்தது.

சந்தனமாரி துடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கேட்டால் போயிற்று. சொன்னால் போயிற்று. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ராஜா கொண்டாடிக் கத்தத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவ்வளவு நேரம் மூடியிருந்த வாயில் சட்டென்று வார்த்தை வரவில்லை. அதனால் பார்த்தார். பேசாமல் இருந்தால் மனிதனுக்குக் கண் தெரியும் போலிருக்கிறது. மீன் துள்ளவில்லை. அவரையும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“ஏனம்மா அழுகிறாய்?”

“கடக் காத்து மகராசா. கண்ணு கரிக்கி.”

“இந்த மீனை நான் கொண்டு போகலாமா?”

அவள் துடுப்பு வெட்டைப் பார்த்தாள். “அளவு இருக்கு. சினை இல்ல. நீங்க பிடிச்சது, உங்க இஷ்டம்.”

ராஜா அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அவருக்குத் தெரிந்த முகம். பிடித்த கோட்டை ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பெண் இப்படித்தான், ஒன்றும் கேட்காமல் நின்றிருக்கிறாள். அப்போதெல்லாம் அவர் பேசிக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறார்.

“எனக்கு ஒன்றும் விளங்கவில்லை” என்றார் மெதுவாக. “நீ சொல்லவும் வேண்டாம். இதை நான் கொண்டு போனால் உன்னுடையது எதையோ கொண்டு போகிறேன் என்று மட்டும் தெரிகிறது.”

மண்டிபோட்டு உட்கார்ந்தார். தூண்டில் முள்ளைத் தன் கையாலேயே கழற்றினார். முள் விரலைக் கிழித்தது. மீனை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டார்.

மீன் ஆழத்துக்குள் போனது. சத்தமே இல்லை. ‘போச்சு, இனி அரண்மனைக்குப் போக முடியாது’ என்று ராஜா நினைத்தார். ‘ஐயோ, மந்திரவாதி பொய் சொல்லிட்டானோ’ என்று சந்தனமாரி நினைத்தாள்.

அப்போது குபுகுபுவென்று குமிழி வந்தது. குமிழி வந்த இடத்தில் ஒரு தலை வந்தது. தலையில் முடி இருந்தது, காதில் சிவப்புக் கல் கடுக்கன் இருந்தது.

“ஏட்டி சந்தனம்” என்றது தலை, இருமிக்கொண்டே. “இன்னைக்கு ஏன் இறால் கொண்டாரல?”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அந்த ராஜாவாலேயே சொல்ல முடியவில்லை, நான் எப்படிச் சொல்வேன்? வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கினவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டாள். உடம்பில் பொட்டுத் துணி இல்லை. ராஜா தன் பட்டு அங்கவஸ்திரத்தை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, மரியாதையாக மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதே நேரம் ஏழு ஊர் தள்ளி ஒரு குளக்கரையில் தூமகேசன் ஒரு தவளையை யானையாக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தான். முணுமுணுத்தான், கையை உதறினான், தூ என்று துப்பினான். தவளை தவளையாகவே உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து அவன் எல்லாரையும் போல நடந்துதான் ஊர் ஊராகப் போனான்.

சந்தனமாரி நடந்ததையெல்லாம் ராஜாவிடம் சொன்னாள். இப்போது சொன்னால் தப்பில்லை. மூன்று பேரும் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். ராணி மேல்மாடத்திலிருந்து இறங்கி வந்து, ராஜாவின் வெறுங்கையைப் பார்த்தாள்.

“மீன் எங்கே?”

“இதோ” என்று முத்திருளன் தோளைத் தட்டினார் ராஜா. “என் கையால் பிடித்தது.”

ராணி நம்புவாளா? முத்திருளனைச் சுற்றி வந்து பார்த்தாள். முழங்கைக்குப் பின்னால் இரண்டு செதில் இன்னும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ராஜாவின் விரலில் முள் கிழித்த காயத்தையும் பார்த்தாள். அதைவிட, வந்து இவ்வளவு நேரமாகியும் அவர் இரண்டொரு வார்த்தைதான் பேசியிருந்தார். அவளுக்கு ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

“சரி, மீன் பிடித்தவர் உள்ளே வரலாம்” என்று வழிவிட்டாள். கடுக்கன்காரனுக்குப் புது வேட்டியும், வள்ளக்காரிக்காகக் கரையில் விழுந்த பனை இருந்த இடத்தில் ஒரு பனங்கன்று நட்டுக் காவல் போட உத்தரவும் கொடுத்தாள். விருந்து போட்டார்கள். மீன் குழம்பு வந்தபோது முத்திருளன் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, கத்தரிக்காய் போதும் என்றான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஊரே வாசலில் நின்று பார்த்தது. சந்தனமாரி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

“எல்லாரும் பாக்காவ, கைய விடு சந்தனம்” என்றான் வெட்கத்தோடு.

“ராசா விட்டாரு, சரி” என்றாள் அவள். “நான் விடமாட்டேன்.”

வீடு வந்து சேர்கிற வரைக்கும் அவள் விடவில்லை. அவர்கள் நன்றாக இருந்தார்கள், இந்தக் கதை கேட்ட நீங்களும் நன்றாக இருங்கள்.