நிலைக்கு மேல் ஒரு கல்

வீடு முடிந்துவிட்டது. தவமலர் உள்ளே வர மறுத்தாள்.

முல்லைத்தீவுப் பக்கம், கடலோரத்தில், சண்டையில் இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டிக்கொடுக்கப் பாளையங்கோட்டைச் சபை ஒன்றிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். வேதமாணிக்கம் ஐயர் தலைமை. போதகரை அவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். அருமைநாயகம் அவரிடம் பல வருடம் வேதம் படித்தவர். மனைவி ரூபாவதி இறந்த பிறகு, அவள் நினைவாக ஒரு வீடு கட்டுகிறேன் என்று கிளம்பிவந்தார். அவர் கட்டியது தவமலரின் வீடு.

ஊரிலேயே ஒரு கறுப்புக் கல்லில் எழுத்து வெட்டி, பெட்டியில் துணிகளைக் குறைத்துக்கொண்டு அதைத் தூக்கிவந்திருந்தார். ஐயர் அடுத்த ஒழுங்கையில் இன்னொரு வீட்டுக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்தபோது அருமைநாயகம் வாசல் நிலைக்கு மேல் அதைப் பதித்துவிட்டார். 'கர்த்தருடைய மகிமைக்காகவும், மறைந்த என் மனைவி ரூபாவதியின் நினைவாகவும்.'

ஐயர் ஜெபம் செய்ய வந்தபோது தவமலர் எதிரே, தார்ப்பாய் போர்த்திய தன் தறப்பாள் கொட்டிலின் வாசலில் நின்றாள். பானையும் பாயும் கொட்டிலுக்குள்ளேயே கிடந்தன. கடல் மேல் மழை கறுத்திருந்தது.

"வாங்கம்மா, பால் காய்ச்சணும்" என்றார் அருமைநாயகம்.

"கல்லைக் கழட்டுங்கோ. பிறகு வாறன்."

"அது என் வீட்டுக்காரி பேரு."

"அப்ப அந்த மனுசியையே வந்து இருக்கச் சொல்லுங்கோ."

அருமைநாயகம் ஓர் அடி முன்னால் வைத்தார். ஐயர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏம்மா கல் வேண்டாம்?"

"என்ர பெடியனைக் கொண்டு போனவங்கள் இன்னும் விடேல்லை. செத்திட்டான் எண்டு எழுதித் தாறம், கையெழுத்து வையுங்கோ எண்டு ஒவ்வொருத்தரா வந்து கேட்டவை. நான் வைக்கேல்லை. நீங்கள் கேக்காமலே வந்து அடிச்சுப்போட்டியள், 'மறைந்த' எண்டு. இந்த ஊரில அந்தச் சொல்லைப் பாக்கிறவை உங்கட மனுசியையோ நினைக்கப்போகினம்? அந்த எழுத்துக்குக் கீழாலயோ என்ர பிள்ளை உள்ளுக்கு வாறது?"

அவள் கொட்டிலுக்குள் போய்த் தறப்பாளை இழுத்துவிட்டாள்.

"பாத்தீங்களா ஐயா?" அருமைநாயகம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "சிமெண்ட் அரிச்சுக் கையெல்லாம் புண்ணு. நம்ம ஊர்ல ஒரு டியூப்லைட்டுக்கே பேரு எழுதிக் குடுக்கான். ஒரு வீட்டுக்கு ஒரு பேரு கூடாதா? நன்றி கெட்டவளுக்குச் செய்யச் சொல்லி வேதத்துல எந்த அதிகாரத்துல இருக்கு? சொல்லுங்க."

"பாளையங்கோட்டைல உம்ம வீட்டு வாசல்ல இந்தக் கல்லை ஏன்வே வைக்கல?"

அருமைநாயகம் விரலில் ஒட்டியிருந்த சிமெண்டை உரித்தார்.

"கேக்கேன்லா."

"மக வேண்டாம்னுட்டா. மாலை போட்ட படத்தைக்கூடக் கழட்டச் சொன்னா. போகவர அதைப் பாக்க முடியலப்பா, இது வீடா கல்லறையான்னு ஒரே அழுகை."

"நீரு என்ன செஞ்சீரு?"

"கழட்டி அலமாரிக்குள்ள வச்சேன்."

"உடனேயா?"

"அன்னைக்கே."

ஐயர் இவ்வளவு சத்தமாகப் பேசி அருமைநாயகம் கேட்டதில்லை. "உம்ம மக அழுதா அன்னைக்கே கழட்டுவீரு. இவ கழட்டச் சொன்னா நன்றி கெட்டவளா?"

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயர் ஜெபப் புத்தகத்தை மணல் குவியலின் மேல் வைத்தார். சாக்கிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து நீட்டினார்.

அருமைநாயகம் வெகுநேரம் அவற்றை வாங்கவில்லை. வாங்கியபோது ஐயரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஏணியில் ஏறி, கல்லின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டிப் பார்த்தார். மேலிருந்தபடியே சொன்னார்:

"கலவை இறுகிட்டுய்யா. அடிச்சா கல்லு பொளந்துரும். ரூபா பேரு நடுவுல போயிரும்."

ஐயர் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சுவத்துல கீறல் விழாமப் பாத்து அடியும்."