மரக்கறிக் குடித்தனம்

குளக்கரையில் பட்டுப்போன பனைமரம் ஒன்று நின்றது. அதன் உச்சிப் பொந்தில் பவளி என்ற கிளி, இறக்கை முளைக்காத தன் இரண்டு குஞ்சுகளோடு குடியிருந்தது. நடு மரத்தில் இன்னொரு பொந்து சும்மா கிடந்தது. யாரையாவது குடிவைத்தால், தான் இரை தேடப் போகும்போது குஞ்சுகளுக்குத் துணையாக இருக்குமே என்று பவளி நினைத்தது. வாடகையாக அது போதும்.

குடிவருகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் பவளிக்கு அப்புறம்தான். முதல் கேள்வி, "நீங்கள் சைவமா, அசைவமா?"

முதலில் மரங்கொத்தி வந்தது. பாவம், பொய் சொல்லத் தெரியாத ஆள். புழு பூச்சிதான் சாப்பாடு என்று உள்ளதைச் சொல்லிவிட்டது. பவளி முகத்தைச் சுளித்தது. பச்சைக் குழந்தைகள் இருக்கிற வீடு, கவிச்சி வாடையே ஆகாது என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. மரங்கொத்தி எதிரே இருந்த வேப்பமரத்தில் குடியேறிக்கொண்டது.

மறுநாள் மழை விட்டதும் ஒரு கறையான் தன் மனைவியோடு வந்தது. அடக்கமான பேச்சு, அப்படி ஒரு பணிவு.

"நாங்கள் இரண்டே பேர்தான் அம்மா. பரம்பரை பரம்பரையாக மரக்கறிதான். முட்டையைக்கூடத் தொட மாட்டோம்."

பவளிக்கு மனசு குளிர்ந்துபோனது. வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கே குடிவைத்துவிட்டது.

பத்துப் பதினைந்து நாள் சத்தமே இல்லை. இப்படியும் தங்கமான குடித்தனமா என்று பவளி கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டது. ஒருநாள் மரங்கொத்தி வந்து மரத்தைத் தட்டிப் பார்த்தது. சத்தம் சரியில்லை, குஞ்சுகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்றது. வீடு கிடைக்காத வயிற்றெரிச்சல்தானே என்று பவளி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கீழே இறங்கி வாடகைப் பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. அடக் கடவுளே! சுவர் இல்லை, தரை இல்லை. இரண்டு பேர் இருந்த இடத்தில் எண்ணி மாளாத கூட்டம் மொய்த்துக் கிடந்தது. மரத்தில் மேல் ஓடு மட்டும்தான் மிச்சம். பவளி கறையானைப் பார்த்துக் கத்தியது.

"அடப்பாவி, மரக்கறி என்றுதானே சொன்னாய்?"

கறையான் வாயைத் துடைத்துக்கொண்டது. "ஆமாம் அம்மா. மரம்தானே எங்களுக்குக் கறி? வேறு எதையாவது தொட்டோமா, சொல்லுங்கள்!"

கேட்டீர்களா அநியாயத்தை! அந்த மரங்கொத்தியைக் குடிவைத்திருந்தால் இந்தக் கறையான்களில் ஒன்றாவது அதன் வாய்க்குத் தப்பியிருக்குமா?

அப்போது காற்று வேறு கிளம்பியது. மரம் நெறுநெறுவென்று முறியத் தொடங்கியது. பவளி உச்சிக்குப் பறந்து ஒரு குஞ்சைக் கவ்வியது. இன்னொன்றை எப்படித் தூக்குவது? உதவிக்குக் கூப்பிடவும் வழியில்லை. வாயைத் திறந்தால் கவ்விய குஞ்சு விழுந்துவிடும். அந்த நேரம் பார்த்து மரங்கொத்தி பாய்ந்து வந்து மற்றதைத் தூக்கிக்கொண்டது. அவர்கள் வெளியே வரவும் பனை குளத்தில் சாயவும் சரியாக இருந்தது.

வேப்பமரத்துப் பொந்தின் வாசலிலேயே பவளி நின்றுவிட்டது. உள்ளே போக அதற்குக் கால் வரவில்லை.

மரங்கொத்தி குஞ்சை உள்ளே பத்திரமாக இறக்கி வைத்தது. பிறகு சொன்னது: "வாருங்கள். இங்கே யார் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்பதில்லை."

ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை மட்டும் வைத்து அவரை நல்லவர் என்று நம்பினால், இருக்கிற வீட்டையே பறிகொடுக்க நேரிடும்.