அக்கரையில் புள்ளி இல்லை

பாளையங்கோட்டையில் சிறு வியாபாரிகளுக்கு இணைய வரைபடம் கற்றுக்கொடுத்தாள் ஹெப்சிபா. அவள் வகுப்பில் தலை நரைத்த ஒரே மாணவர், இட்லி மாவு வியாபாரி ஆவுடையப்பன். குருவைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

அன்று வகுப்பு முடிந்தும் அவர் போகவில்லை. மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். இணையத்தில் மாவு கேட்டு ஆர்டர் போட்ட வீடுகளெல்லாம் வரைபடத்தில் நீலப் புள்ளிகளாக இருந்தன.

“நீங்க சொன்ன மாதிரியே போட்டுட்டேன் டீச்சர். ஆத்துக்கு இந்தப் பக்கம் மொய்க்கு. அந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்ல.”

“அதனால?”

“ரெண்டாவது கடையையும் இந்தப் பக்கமே போட்டுரலாம்னு இருக்கேன். காலையில அட்வான்ஸ் குடுக்கணும்.” குரல் இறங்கியது. “இருக்கதையெல்லாம் தொடச்சுப் போடுதேன் டீச்சர். இது படுத்தா நானும் படுத்துருவேன். அக்கரைக்காரங்களுக்கு ஏன் நம்ம மாவு பிடிக்கல?”

பாவம், மனுஷர் சரியாகத் தூங்கியே பல நாளாகியிருக்கும். முகத்தில் தெரிந்தது.

“உங்க ஆர்டர் பக்கத்தைத் திறங்க அண்ணாச்சி. அக்கரையில ஏதாவது ஒரு வீட்டைத் தொட்டு, ஒரு கிலோ கேளுங்க.”

“என் மாவை நானே கேக்கவா?”

“கேளுங்களேன்.”

அவர் விரல் பாலத்தைத் தாண்டி, மீனாட்சிபுரத்தில் ஒரு தெருவைத் தொட்டது. திரையில் எழுத்து வந்தது: ‘மன்னிக்கவும், உங்கள் பகுதிக்கு மாவு அனுப்புவதில்லை.’

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எவன் டீச்சர் இப்படிப் போட்டது?”

கேட்ட மறுநொடியே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு சித்திரை வெயிலில், பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்க, ஸ்கூட்டரில் இருந்த மாவு புளித்துப் பொங்கி, பாக்கெட் பாக்கெட்டாக வெடித்தது. அவர் சட்டையெல்லாம் மாவு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே ஆர்டர் பக்கத்தின் வரைபடத்தில் ஆற்றோரமாகக் கோடு இழுத்து அக்கரையை அடைத்தவர் இவரேதான். அதோடு மறந்தும் போனார்.

அவருக்கு வெட்கமாகிவிட்டது. “அவங்க வேண்டாங்காங்கன்னுல்லா நெனச்சேன்” என்றார்.

ஹெப்சிபா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“மீனாட்சிபுரத்துலதான் எங்க வீடு. சனிக்கிழமை தோறும் கேட்டுப் பாக்கேன் அண்ணாச்சி. நீங்கதான் வேண்டாங்கீங்க.”