காலிப் பெட்டி

சித்திரை வெயிலில், கவுன்சிலர் தெருவில் ஏசி ஓடுவதற்காகக் காலனிக்கு மதியமெல்லாம் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். ஆக்சிஜன் மெஷினில் மூச்சுவிடும் புருஷனுக்காகச் செல்லக்கிளி கவுன்சிலரிடம் போய்க் கெஞ்சினாள்.

"குளிர்பெட்டியில பொணம் கிடக்கிற தெருவுல மட்டுந்தான் கரண்ட நிறுத்த மாட்டோம். உன் வீட்ல பொணம் இருக்கா?" என்று சிரித்தார் அவர்.

மறுநாள் அவள் வாசலில் குளிர்பெட்டி வந்து இறங்கியது. அன்று மதியம் மின்சாரம் நிற்கவில்லை. கவுன்சிலர் மாலையோடு, ஆட்கள் சூழ வந்தார். பெட்டி காலியாக இருந்தது. வீட்டுக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரும்மா செத்தது?"

"இன்னும் யாருமில்லீங்கய்யா. கரண்டு நின்னா இவருதான். அதான் பெட்டிய முன்னாடியே கொண்டாந்துட்டேன். மாலைய அதுமேல வச்சிட்டுப் போங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கோடையில் காலனிக்கு மின்சாரம் நிற்கவில்லை. மாலை பெட்டிமேலேயே கிடந்து காய்ந்தது.