இரவல் மண்வெட்டி

நாச்சிமுத்து மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட மரகதத்தம்மாளுக்கு நாற்பத்து மூன்று. நாச்சிமுத்து இரண்டு நாள் கூச்சப்பட்டார். பிறகு அதுவும் பழகிவிட்டது.

கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் இருக்க முடியாமல் பஸ் ஏறி, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் இந்த வறண்ட சீமையில் இறங்கியிருந்தார்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள், மடத்தில் எல்லோரும் அம்மா என்று அழைக்கும் மரகதத்தம்மாள் அவரைக் கூப்பிட்டார்.

"சேந்தனேந்தல் தெரியுமாய்யா?"

"தெரியுமுங்க. நாலு மைல் தள்ளி. ஊருணி பாழாக் கெடக்குதுங்களே, அந்த ஊரு."

"அங்க போய் இருங்க."

என்ன செய்யவேண்டும் என்று அம்மா சொல்லவில்லை. நாச்சிமுத்துவும் கேட்கவில்லை. ஊருணியைச் சுத்தம் செய்யத்தான் தன்னை அனுப்புகிறார் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

ஒரு காலத்தில் ஊர் முழுக்க அந்த ஊருணித் தண்ணீரைத்தான் குடித்தது. ஐப்பசி மழை வாய்க்கால் வழியாக வந்து நிறையும், அடுத்த ஆடி வரை தாங்கும். பிறகு குழாய் வந்தது. ஊர் ஊருணியை மறந்தது. அப்புறம் குழாயில் வாரத்துக்கு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது, அதுவும் உப்பு. அதற்குள் ஊருணியில் மண் மேடிட்டு, சீமைக் கருவேலம் காடாக மண்டிவிட்டது. பெண்கள் குடத்தோடு ரோட்டோரம் நின்று தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள்.

நாச்சிமுத்து தன் சாமான்களோடு போய் இறங்கினார். மண்வெட்டி இரண்டு, கடப்பாரை, அரிவாள், இரும்புச் சட்டிகள், ஒரு தள்ளுவண்டி. எல்லாவற்றிலும் சிவப்புப் பெயிண்டால் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டிருந்தார். பட்டறையில் ஒருவர் சாமானை இன்னொருவர் தொடமாட்டார்கள். அவர் யாருடையதையும் கேட்டதில்லை, யாருக்கும் கொடுத்ததுமில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

கரையில் குடிசை போட்டுக்கொண்டு மூன்று வருஷம் வெட்டினார். ஊர்க்காரர்கள் அந்த வழியாகப் போகும்போது நிற்பார்கள்.

"வேலை நடக்குதாய்யா?"

"நடக்குதுங்க."

நல்லது என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு தடவை மைக் செட் பிடித்துக் கூட்டம் போட்டார். மண், மரம், நிலத்தடி நீர், வரப்போகும் தலைமுறை என்று ஐம்பது நிமிஷம் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் காலையில் ஊருணிக்குள் அவரும் மண்வெட்டியும் மட்டும் இருந்தார்கள்.

பொழுது சாய்ந்தால் ஊரிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்கும். பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள், ஆட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாச்சிமுத்துவை யாரும் கூப்பிட்டதில்லை.  சில நாள் கஞ்சியை வைத்துக்கொண்டு அழுதும் இருக்கிறார்.

இத்தனைக்கும் தண்ணீர் வந்தபாடில்லை. ஊருணி பளிச்சென்று இருந்தது. கிழக்கே வாய்க்காலும் வெட்டியாயிற்று. ஆனால் மூன்று ஐப்பசியிலும் வானத்திலிருந்து நேராக விழுந்த தண்ணீர்தான் கணுக்கால் அளவு நின்று வற்றியது.

நாலாம் வருஷம் புரட்டாசியில் மடத்துக்குப் போனார்.

"இந்த ஐப்பசிக்கும் நெறையலீன்னா, நான் ஊருக்கே போயிடறனுங்கம்மா."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்க ஊரு, அவங்க தண்ணி. ஒருத்தருகூட வர மாட்டேங்கறாங்க. எப்படீங்கம்மா வரவைக்கறது?"

"சாமானெல்லாம் எப்படி இருக்குய்யா?"

நாச்சிமுத்துவுக்கு முகம் மலர்ந்தது. "ஒரு துரு இல்லீங்க. நேத்து வாங்கினாப்பல இருக்குதுங்க."

"எல்லாத்தையும் கொண்டாங்க."

மறுநாள் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் போட்டு நாலு மைல் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு வண்டியோடு ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போய் வேலையப் பாருங்க."

"எதை வெச்சுங்க?"

"ஊர்ல மண்வெட்டி இல்லையா?"

"கேக்கோணுமேங்க."

"கேக்கணும்தான்," என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் நாச்சிமுத்து குடிசையை விட்டு வெளியே வரவில்லை. வாய்விட்டுக் கேட்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. மூன்றாம் நாள் காலையில் ஊருணிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். அது சாத்தையாவின் வீடு. கொஞ்சம் ஆடும் கொஞ்சம் புஞ்சையும் உள்ள மனிதர்.

"ஒரு மண்வெட்டி இரவலாக் கெடைக்குங்களா?"

சாத்தையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்ககிட்டதான் ரெண்டு இருந்துச்சே?"

"இப்ப இல்லீங்க."

 சாத்தையா சுவரில் சாத்தியிருந்த இரண்டு மண்வெட்டிகளில் ஒன்றை எடுத்து வந்து, கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். நாச்சிமுத்து குனிந்து எடுத்துக்கொண்டார்.

காம்பு குட்டை. முனை மழுங்கல். நாள் முழுக்க மனதுக்குள் திட்டிக்கொண்டே வெட்டினார். பொழுது சாய்ந்ததும் கழுவித் துடைத்துக் கொண்டுபோய் சாத்தையா வீட்டு வாசலில் வைக்கப் போனார்.

"ஐயையோ, வைக்காதீக!" என்று உள்ளிருந்து ஓடி வந்தார் சாத்தையாவின் மனைவி பூமயில்.

நாச்சிமுத்து பயந்துபோய் நின்றார்.

"எரவல் போன இரும்ப வாங்குனவுக கொண்டாந்து வாசல்ல வைக்கப்படாது. வீட்டுக்கு ஆகாது. வேல நடந்த எடத்துலயே கெடக்கட்டும். குடுத்தவுகதான் வந்து எடுத்துக்கிடணும்."

"எனக்குத் தெரியாதுங்க."

"வந்தவுகள வெறும் வாயோட அனுப்பப்படாது. அதையும் தெரிஞ்சுக்கோங்க."

நாச்சிமுத்து மண்வெட்டியோடு திரும்பி நடந்தார். மூன்று வருஷம் இந்த ஊரில் இருந்தும் இது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் சாத்தையா வந்தார். நாச்சிமுத்து கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். அவர் குடிசையில் இன்னொருவர் காப்பி குடித்தது அதுதான் முதல் தடவை. 

சாத்தையா குடித்துக்கொண்டே வாய்க்காலைப் பார்த்தார்.

"எங்கிட்டு இருந்து தண்ணி வரும்னு வெட்டுறீக?"

"கெழக்க இருந்துங்க. மேப்புல அப்படித்தானுங்க போட்டிருக்குது."

"ரோடு போட்டு ஒசத்துனதுல இருந்து கெழக்குத் தண்ணி வராதுய்யா. மேக்க, எம்புஞ்சை ஓரமாத்தான் வரும். வந்து வீணாப் போகும்."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. "மூணு வருசமாப் பாத்துட்டுத்தானே இருந்தீங்க? ஏனுங்க சொல்லல?"

"அம்புட்டுச் சாமானோட வந்து எறங்குனீக. எல்லாம் தெரிஞ்சவுகன்னு நெனச்சோம்," என்றார் சாத்தையா. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த நாள் கடப்பாரைக்கு இன்னொரு வீடு. அதற்கடுத்த நாள் சட்டிக்கு வேறொரு வீடு. ஒரே வாரத்தில் ஏழெட்டு வீட்டு இரும்பு ஊருணிக் கரையில் கிடந்தது. சாயங்காலமானால் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை. இங்கே பாறை இருக்கிறது என்றார் ஒருவர். கரையை இப்படிச் சரித்தால் நிற்காது என்றார் இன்னொருவர். காப்பிச் சட்டி போதாமல் பூமயில் பெரிய பாத்திரம் ஒன்று கொடுத்தனுப்பினார்.

கடப்பாரை கொடுத்தவர் வழிவிட்டான். அவருடைய புஞ்சையும் சாத்தையாவின் புஞ்சையும் அடுத்தடுத்து இருந்தன. வரப்புத் தகராறில் இருவரும் பேசிக்கொண்டு பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே நேரத்தில் வந்து, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காப்பி குடிப்பார்கள். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருக்கும்.

ஒருநாள் உச்சி வெயிலில் வழிவிட்டான் வந்து நின்றார்.

"சாயங்காலம் எடுக்க வரத்தானே போறேன். இப்பவே வந்து நாலு குத்துக் குத்திட்டுப் போவோம்னு வந்தேன்."

மறுநாள் சாத்தையாவும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அப்புறம் யாரும் காரணம் சொல்லவில்லை. சாத்தையா தன் புஞ்சையில் மூன்றடி அகலம் விட்டார். வழிவிட்டான் கேட்காமலே மூன்றடி விட்டார். இருபது நாளில் மேற்கே வாய்க்கால் வெட்டி முடிந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் ஊருணி நிறைந்து நின்றது. குடத்தோடு வந்த பெண்கள், யாரும் சொல்லாமலே, செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு இறங்கினார்கள். நாச்சிமுத்து குடிசைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விஷயம் கேள்விப்பட்டு அம்மா வந்தார். ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். கொண்டுவந்திருந்த ஒரே ஒரு மண்வெட்டியை நாச்சிமுத்துவிடம் கொடுத்தார்.

"மத்ததுங்க?"

"ஒண்ணு போதும்யா."

அதைக் குடிசை வாசலில் சாத்தி வைத்தார் நாச்சிமுத்து.

வேலை முடிந்துவிட்டது. இரும்பு எடுக்க வர யாருக்கும் வேலையில்லை. பெண்கள் வருவார்கள், மொண்டுகொண்டு போவார்கள். பூமயிலின் பாத்திரத்தையும் யாரோ வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்து, ஒரு டம்ளர் காப்பியைக் கொட்டுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. முன்பு இருந்த தனிமையைவிட இது மோசமாக இருந்தது. முன்பு இழப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் காலை சாத்தையா வந்தார்.

"ஐயா, ஒங்க மண்வெட்டிய ஒரு நாளைக்குக் குடுங்க."

நாச்சிமுத்து ஆயுசில் முதல் தடவையாகத் தன் சாமானை இன்னொருவருக்குக் கொடுத்தார். மறக்காமல் தரையில் வைத்தார். சாத்தையா எடுத்துக்கொண்டு போனார். அன்று பகல் முழுக்க நாச்சிமுத்துவுக்கு மனது நிறைந்திருந்தது. சாயங்காலம் இரண்டு பேருக்குக் காப்பி போட்டு வைத்தார்.

சாத்தையா வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நாலாம் நாள் தூரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு போனவர், நின்று கையை வீசிக் காட்டினார். பிறகு போய்விட்டார். நாச்சிமுத்து பதிலுக்குக் கை காட்டவில்லை. வேலை ஆகிற வரைக்கும்தான் நான் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு வந்த பிறகு குடிசையில் இருக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் துணியை மூட்டை கட்டிக்கொண்டு மடத்துக்கு நடந்தார்.

மடத்தில் பந்தி போட்டிருந்தார்கள். நாச்சிமுத்து ஓரமாக உட்கார்ந்தார். அம்மாவே அவருக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

"மூட்டை எதுக்குய்யா?"

"ஊருக்குப் போறனுங்க."

"ஊருணி?"

"அது நெறஞ்சு கெடக்குதுங்க. பாத்துக்க ஊரே இருக்குது. நான் எதுக்குங்க?" மூட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "சாத்தையா எம்மண்வெட்டிய வாங்கிட்டுப் போயி அஞ்சு நாளாச்சுங்க. திருப்பித் தரலீங்க. மண்வெட்டி போனாப் போகட்டும். ஒரு எட்டு வந்து எட்டிப் பாக்கலாமில்லீங்களா?"

அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்றார்.

"எரவல் போன இரும்ப யாரு போய் எடுக்கணும்னு அந்த ஊர்ல ஏதோ வழக்கம் சொன்னீங்களே?"

"அது ஊர்க்காரங்களுக்குள்ளீங்கம்மா."



"சாத்தையா வீட்ல மண்வெட்டி இல்லையா?"

"ஏனில்லீங்க? ரெண்டு இருக்குது. நான் மொதல்ல வாங்கினதே அங்கதானுங்..."

நாச்சிமுத்துவின் பேச்சு பாதியில் நின்றது.

அம்மா கரண்டியைச் சோற்றுப் பானையில் திரும்ப வைத்தார். குனிந்து, அவர் முன்னால் போட்டிருந்த இலையை எடுத்தார்.

"அங்க பசியோட போங்கய்யா," என்றார்.